ஒரே தோட்டத்தில் இரு மொழிகள்

மலாய் மக்கள் தென்னிந்தியரைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிய சொல் 'கெலிங்' என்பது. இழிவுப் பொருள் ஏறிவிட்டமையால் இன்று நாகரிகமுடையோர் அதனை நாவில் எடுப்பதில்லை. ஆயினும் அதன் பிறப்பு இழிவானதன்று. கோதாவரிக்கு வடக்கே, விசாகப்பட்டினம், சீகாகுளம் ஆகிய கரையோரப் பகுதிகளையும் ஒரிசாவையும் தழுவிக் கிடந்த கலிங்க நாட்டின் பெயரே கடல் கடந்து அவ்வாறு திரிந்தது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொண்ட முடிபாகும். மலாக்காவில் 1748ஆம் ஆண்டில் இந்திய முசுலிம் வணிகர் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் 'கம்போங் கிளிங்' பள்ளிவாசல் என்றே வழங்குகிறது. ஆகவே மலாய் நாடு தமிழரையும் முதலில் அறிந்தது கலிங்கக் கரையின் பெயரால்தான்.

பின்னர் வந்த ஆங்கில ஆட்சி இதனைத் தலைகீழாக்கிற்று. தென்னிந்தியத் தொழிலாளரைக் கப்பலேற்றிக் கொணரும் செலவைத் தோட்ட முதலாளிகளிடமிருந்து தண்டுவதற்காக 1907இல் அது ஒரு சட்டம் இயற்றியது. அதற்கு இட்ட பெயர் 'தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம்' என்பது. அந்த நிதியால் வந்தவருள் தெலுங்கரும் இருந்தனர், மலையாளிகளும் இருந்தனர். 'இந்தியக் குடியேற்ற நிதி' எனப் பின்னர்ப் பெயர் திருத்தப்பட்டதாயினும், தோட்டத் தொழிலாளி என்றால் தமிழன் என்ற எண்ணம் ஆட்சியாளர் உள்ளத்தினின்றும் நீங்கவில்லை. ஒரு காலத்தில் கலிங்கப் பெயருக்குள் தமிழர் அடங்கினர்; மற்றொரு காலத்தில் தமிழர் பெயருக்குள் கலிங்கக் கரையிலிருந்து வந்தோர் அடங்கினர். பெயர் மாற்றம் சிறிய செய்தியே. எனினும் ஒரு மொழி பள்ளிக்கூடம் ஏறுவதும் மற்றொன்று அடுப்பங்கரையோடு நின்றுவிடுவதும் இத்தகைய சிறிய செய்திகளிலிருந்தே தொடங்குகின்றன.

கிள்ளான் பள்ளத்தாக்கின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழும் தெலுங்கும் அருகருகே குடியேறின. ஒரே பால்மரத்தைச் சீவியோர், ஒரே லயத்தில் குடியிருந்தோர், ஒரே பெரட்டில் நின்று பெயர் கொடுத்தோர் பேசிய மொழிகள் அவை. இரண்டும் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துடையவை. இரண்டுக்கும் நேர்ந்த கதி மட்டும் வெவ்வேறு. இதன் காரணத்தை எண்ணிக்கை ஒன்றிலேயே காண்போர் உண்டு. அவ்விடை பாதி உண்மையே.

எண்ணிக்கையை முதலில் நோக்குவோம். 1921ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாயாவில் தமிழர் ஏறத்தாழ 3 இலட்சத்து 87 ஆயிரவர். தெலுங்கர் ஏறத்தாழ 40 ஆயிரவர். பத்தாண்டு கழித்து 1931இல் இந்தியர் தொகை 6 இலட்சத்து 24 ஆயிரமாக உயர்ந்தது. தமிழரும் ஐந்து இலட்சத்தைத் தாண்டினர். தெலுங்கரோ 32 ஆயிரம் அளவுக்குக் குறைந்தனர். இரப்பர் விலை வீழ்ந்த காலத்தில் ஊர் திரும்பியோர் பலர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். தொகைகளை இன்னொரு வகையாலும் எச்சரிக்கையோடே நோக்குதல் நன்று. விசயநகர ஆட்சிக் காலந்தொட்டுத் தமிழகத்தில் குடியமர்ந்து, வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசி வந்த குடிகள் பல. அவர்களுள் மலாயாவுக்கு வந்தோரைக் கணக்கெடுப்போர் எந்தப் பத்தியில் எழுதினர் என்பது எழுதியவர் கையைப் பொறுத்தது.

எண்ணிக்கையைவிட, வந்த வழி கருதத்தக்கது. கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று, தன் உறவையும் தன் சாதியையும் அறிந்தாரையும் திரட்டிக் கொணர்வான். தஞ்சை, திருச்சிராப்பள்ளி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டத்தார் பெரும்பாலும் நாகப்பட்டினத்து முகாமில் தங்கிக் கப்பலேறினர். தெலுங்கு நாட்டினர்க்குச் சென்னையை அடுத்த ஆவடி முகாம் வாயிலாயிற்று. பினாங்கு வழியாகப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் இன்றைய கிள்ளான் துறைமுகத்தில் இறங்கித் தோட்டத்துக்குச் சென்றபோது, ஊர் அப்படியே பெயர்ந்து வந்தது போலிருந்தது. ஒரு தோட்டத்துக்கு ஒரு மொழி என்பது இவ்வாறு இயல்பாகவே அமைந்தது. கீழ்ப் பேராக்கில் பாகான் டத்தோவைச் சூழ்ந்த தென்னந்தோட்டங்களில் தெலுங்கர் திரளாக அமர்ந்தனர். அங்கே இராமர் பஜனை மடம் எழுந்தது. உகாதி ஊர்த் திருநாளாயிற்று. மொழியும் நெடுநாள் நின்றது. சிலாங்கூரிலோ தெலுங்கர் இங்கொரு லயமும் அங்கொரு லயமுமாகச் சிதறிக் கிடந்தனர்.

இடம் மொழிக்குச் செய்வது யாது என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. கிள்ளான் சீனர் கடைத்தெருவில் பேசுவது ஹொக்கியன். அங்கிருந்து இரயிலேறிக் கோலாலம்பூர் நடுநிலையத்தில் வண்டி மாறிச் சாலாக் செலாத்தானில் இறங்குபவர் காதில் விழுவது கண்டோனியம். இடைத் தொலைவு நாற்பது கிலோமீட்டர் அளவே. துறைமுக வணிகத்தை ஒட்டிக் குடியேறியோரும், ஈயச் சுரங்கத்தை ஒட்டிக் குடியேறியோரும் நூறாண்டுக்கு முன் தேர்ந்த இடங்கள், அவர்தம் கொள்ளுப்பேரர் நாவை இன்றும் ஆள்கின்றன. சிலாங்கூர்த் தெலுங்கர்க்கு அத்தகைய ஓர் ஊர் வாய்க்கவில்லை.

இனி, எப்படிப் பேசப்பட்டது என்னும் வினா. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் மொழி தமிழ். கிராணி ஏவும் மொழி தமிழ். வெள்ளைத் துரைமார்க்கென்றே தமிழ்ப் பாடநூல்கள் அச்சிடப்பட்டன. தொழிலாளரை ஆள வேண்டுமாயின் தமிழ் கற்றாக வேண்டும் என்பது தோட்ட முதலாளிகளின் வழக்கம். துரை உச்சரித்த தமிழ் எத்தகையது என்பதைப் பற்றித் தோட்டத்தில் வழங்கிய நகைச்சுவைக் கதைகள் பல; அவை இங்கு வேண்டா. தெலுங்குத் தொழிலாளி துரையின் சொல்லை விளங்கிக்கொள்ள, மருந்து வாங்க, சம்பளத்தில் பிடித்த காசைக் கேட்க, தமிழ் கற்க வேண்டியவனானான். அண்டை வீட்டுத் தமிழனுக்குத் தெலுங்கு கற்க வேண்டிய தேவை எழவில்லை. ஒரு திசையில் மட்டும் ஓடிய இந்த இருமொழி வழக்கே முதற் கரைப்பு.

இரண்டாவது, பள்ளிக்கூடம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஓர் இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட முதலாளி பள்ளி ஒன்று நடத்துதல் வேண்டும் என விதித்தது. அவற்றுட் பல பள்ளி என்ற பெயர்க்கே தகுதியற்றவை என்பது உண்மைதான். ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையில், மாலை நேரத்தில், கங்காணியோ கிராணியோ எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் 'பள்ளி' எனக் கணக்கில் ஏறிற்று. எனினும் அந்தக் கொட்டகையில் அகரம் எழுதிய பிள்ளை பின்னாளில் செய்தித்தாள் படித்தது, கடிதம் எழுதிற்று. தெலுங்குப் பள்ளிகளும் சில தோட்டங்களில் இயங்கின. ஆனால் ஆசிரியர்க்கு எங்கே போவது? நூலுக்கு எங்கே போவது? தமிழாசிரியர் விலகினால் அடுத்த தோட்டத்திலிருந்து ஒருவர் வருவார். தெலுங்காசிரியர் விலகினால் பள்ளியே விலகிற்று. பத்துப் பிள்ளை தேறாத தோட்டத்திலும், தேறியும் ஆசிரியர் கிடைக்காத தோட்டத்திலும் தெலுங்குப் பிள்ளை தமிழ்ப் பள்ளியில் அமர்ந்தது. நாளடைவில் தெலுங்குப் பள்ளிகள் முற்றாக மறைந்தன.

இவ்விடத்தில் தமிழாசிரியர் சற்று நின்று எண்ணுதல் தகும். தமிழ்ப் பள்ளி தமிழைக் காத்தது என்று பெருமையுடன் பேசுகிறோம். பேசுவதற்கு உரிமையும் உண்டு. அதே பள்ளி, அதே பலகையில், மற்றொரு மொழியின் பிள்ளைகளைத் தமிழராக்கிக் கொண்டிருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. தீங்கு கருதிச் செய்ததும் அன்று. அப்பிள்ளைகள் தமிழை விரும்பியே கற்றனர். அவர்களுள் நல்ல தமிழாசிரியரும் தோன்றினர். ஆயினும் வீட்டில் பாட்டி பேசிய மொழியைப் பேரப்பிள்ளை எழுதப் படிக்க அறியாமற் போனது நம் வகுப்பறையில்தான்.

மூன்றாவது, அச்சும் ஒலிபரப்பும் சங்கமும். கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019இல் நிற்கும்வரை தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் ஒரு பொது மொழியை நாள்தோறும் வழங்கிற்று. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானது. அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் விளங்கிய பி. பி. நாராயணன் மலையாளி, சங்கம் வெளியிட்ட 'சங்கமணி'யோ தமிழ் ஏடு. கூலி உயர்வைப் பற்றிய பேச்சு தமிழில்தான் எல்லாரையும் எட்டும் என்று அச்சங்கம் கண்டிருந்தது. மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, வடமொழிக்கு முதலிடம் தருமாறு பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் பரிந்துரைத்தார். அதனை எதிர்த்துக் கோ. சாரங்கபாணியார் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். தொழிலாளரும் அதற்குக் காசு கொடுத்தனர். துறை 1956இல் தமிழோடு தொடங்கிற்று. தனிநாயக அடிகள் அத்துறைக்குத் தலைமை தாங்கிய காலத்தில், 1966இல், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. கூலி லயத்திலிருந்து பல்கலைக் கழகம் வரை இடையறாத ஒரு படிக்கட்டு தமிழுக்கு இவ்வாறு அமைந்தது. தெலுங்குக்கு அதன் முதற்படியே நிலைக்கவில்லை.

எனின், மொழியைக் காப்பது வளமும் கல்வியும் என்று முடிவு கட்டிவிடலாமோ? ஆகாது. பிரிக்பீல்ட்ஸ் அதனை மறுக்கிறது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி இரயில் ஓடத் தொடங்கிய பின், இரயில்வேக்கும் பொதுப்பணிக்கும் ஆங்கிலம் அறிந்த எழுத்தர் தேவைப்பட்டனர். இலங்கையில் பணியாற்றிவிட்டு வந்த ஸ்பூனர் போன்ற பொறியாளர் யாழ்ப்பாணத்தாரை நன்கறிந்திருந்தனர். நிலையத் தலைவராகவும் கணக்கராகவும் வந்த யாழ்ப்பாணத் தமிழர் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளில் அமர்ந்து, ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில் எடுத்தனர். சைவமும் தமிழும் அவர்க்கு இரு கண்கள். கல்வியிலும் வருவாயிலும் தோட்டத் தமிழர்க்கு அவர் எத்தனையோ படி மேலானவர். ஆனால் தம் பிள்ளைகளை அவர் அனுப்பியது விக்டோரியா கல்லூரி முதலிய ஆங்கிலப் பள்ளிகளுக்கு. இரண்டு மூன்று தலைமுறையில் அவ்வீடுகள் பலவற்றில் உரையாடல் ஆங்கிலமாயிற்று. தேவாரம் உரோமன் எழுத்தில் அச்சாகும் நிலையும் வந்தது. ஏழைத் தோட்டத்துப் பிள்ளையின் நாவில் தமிழ் நிலைத்த அதே காலத்தில், அலுவலர் வீட்டுப் பிள்ளையின் நாவில் அது தேய்ந்தது. கல்வி என்பது பொதுச்சொல். எம்மொழிக் கல்வி என்பதே வினா.

இதே வினாவை மற்றொரு தோட்ட நாட்டிலும் வைத்துப் பார்க்கலாம். பசிபிக் பெருங்கடல் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளுக்குக் கரும்பு வெட்ட 1903இல் கொரியர் வந்தனர். மூன்று ஆண்டுக்குள் ஏறத்தாழ ஏழாயிரவர் இறங்கினர். 1905இல் அவ்வரவு தடைப்பட்டது. மறு ஆண்டிலேயே, 1906இல், பிலிப்பைன்சு நாட்டின் வடகோடியிலிருந்து இலோக்கானோ மொழியினர் வரத் தொடங்கினர். ஒரே கரும்புக் காடு, ஒரே மணியோசை, இரு மொழி. அவற்றின் தாயகத்து நிலையோ மலைக்கும் மடுவுக்கும். கொரிய மொழிக்கு 1446இல் அரசரே வெளியிட்ட தனி எழுத்துண்டு. ஒரே மொழி பேசும் ஒரு நாடே அதற்குப் பின்புலம். அந்நாடு பின்னர் இரண்டாகப் பிரிந்தும், இரண்டு அரசுகளும் அம்மொழியையே ஆட்சி மொழியாகக் கொண்டன. இலோக்கானோவுக்கு அரசில்லை. இலூசோன் தீவின் வடபகுதியில் பல இனத்தார்க்கும் சந்தை மொழியாக, வழிப்போக்கர் மொழியாக அது பரவியிருக்கிறது. ஆயினும் நாட்டு மொழி என்ற இருக்கை தகாலோக்கை அடிப்படையாகக் கொண்ட பிலிப்பினோவுக்கே உரியது. 2012இல் இலா யூனியன் என்னும் மாநிலம் இலோக்கானோவுக்கு அலுவல் மொழித் தகுதி வழங்கியதே பெருஞ்செய்தியாகப் பேசப்பட்டது. மலாய் அறிந்த நம் வாசகர்க்கு அம்மொழி முற்றும் அந்நியமன்று. இரண்டு என்பதற்கு 'துவா', ஐந்து என்பதற்கு 'லீமா' என்றே இலோக்கானோவிலும் எண்ணுவர். இரண்டும் ஒரே பெருங்குடும்பத்து மொழிகள்.

ஹவாய்த் தோட்டத்தில் நிகழ்ந்ததோ எதிர்பார்ப்புக்கு மாறானது. அரசும் எழுத்தும் உடைய மொழியினராகிய கொரியர் தோட்டத்தை விட்டு விரைவில் ஹொனலூலு நகரம் சேர்ந்தனர். தேவாலயந்தோறும் கொரிய வகுப்பு நடத்தினர். எனினும் தாயகத்திலிருந்து புதிய வரவு நின்றுபோனமையால் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறினர். 1965இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டுப் புதியோர் வந்த பின்னரே அம்மொழி அங்கே மீண்டும் தழைத்தது. அரசற்ற இலோக்கானோவினரோ அலையலையாக வந்துகொண்டேயிருந்தனர். 1946இல் மட்டும் ஏறத்தாழ ஆறாயிரவர் வந்தனர். பள்ளி இல்லாமலே, ஏட்டின் துணை பெரிதும் இல்லாமலே, புதுவரவின் வலியால் அம்மொழி நின்றது. இன்று ஹவாய்ப் பல்கலைக் கழகத்தில் அது பாடமாகவும் உள்ளது.

இவ்விரு நாட்டுச் செய்தியையும் சேர்த்து நோக்குமிடத்து மலாயாவின் கதை தெளிவாகிறது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற குடியேற்றத்தை நிறுத்தியது. கங்காணி முறை அத்தோடு முடிந்தது. போருக்குப் பின் விடுதலை பெற்ற மலாயா குடிநுழைவை மேலும் இறுக்கிற்று. இலோக்கானோவைத் தாங்கிய புதுவரவு என்னும் தூண் தமிழுக்கும் தெலுங்குக்கும் ஒரே காலத்தில் சரிந்தது. தமிழுக்குப் பள்ளி என்ற மற்றொரு தூண் இருந்தது. தெலுங்குக்கு வீடு மட்டும் எஞ்சியது. ஆதலால் எண்ணிக்கையின் சிறுமை தானே மொழியை வீழ்த்தவில்லை. அச்சிறுமையால் பள்ளி அமையாமற் போனதும், பள்ளி இல்லாத வேளை பார்த்து வரவு நின்றதும் சேர்ந்தே வீழ்த்தின.

தெலுங்கர் வாளா இருந்தாரல்லர். 1955இல் மலாயா ஆந்திர சங்கம் நிறுவப்பட்டது. அதுவே 1983இல் மலேசியத் தெலுங்குச் சங்கம் எனப் பெயர் கொண்டது. உகாதி விழாவும் மொழி வகுப்பும் அதன் முதற்பணிகள். 1975இல் ஐதராபாத்தில் தொடங்கிய உலகத் தெலுங்கு மாநாட்டின் இரண்டாம் கூட்டம் 1981இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. தமிழ் மாநாட்டுக்கு முதல் இடம் தந்த நகரம் தெலுங்கு மாநாட்டுக்கு இரண்டாம் இடம் தந்தது என்பது பலரும் மறந்த செய்தி. ஆயினும் வார இறுதி வகுப்பு வேறு. ஆறாண்டு நாள்தோறும் அமரும் பள்ளி வேறு.

தமிழின் நிலையும் இன்று அசைவற்றதன்று. தோட்டம் என்ற நிலமே கிள்ளான் பள்ளத்தாக்கில் சுருங்கிவிட்டது. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் சா ஆலாம் நகரம் எழுந்து, 1978இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. புக்கிட் ஜாலில் தோட்டம் இருந்த இடத்தில் விளையாட்டரங்கும் அடுக்கு வீடுகளும் நிற்கின்றன. லயத்தில் ஒரே சுவருக்கு இருபுறமும் தமிழ் பேசிய குடும்பங்கள் இன்று அடுக்கு வீட்டில் மலாய்க்காரர்க்கும் சீனர்க்கும் நடுவே வாழ்கின்றன. நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இயங்குகின்றன; பிள்ளைகளின் தொகையோ குறைந்து வருகிறது. தெலுங்குப் பிள்ளை பெரட்டுக் களத்தின் பொருட்டுத் தமிழ் கற்றது போலவே, தமிழ்ப் பிள்ளை இன்று அலுவலகத்தின் பொருட்டு மலாயும் ஆங்கிலமும் கற்கிறது. கற்பதில் குறையில்லை. ஒரு திசையில் மட்டும் ஓடும் இருமொழி வழக்கு முன்பு எங்கே கொண்டு சேர்த்தது என்பதற்குத்தான் பக்கத்து லயம் சான்றாக இருக்கிறது.

மொழி போன பின்னும் பெயர் போகவில்லை. விசாகப்பட்டினத்தை அடுத்த சிம்மாசலம் மலைமேல் கோயில் கொண்ட நரசிம்மரை அவ்வட்டாரத்தார் 'அப்பன்னா' என்று அழைப்பர். அத்தெய்வத்தின் பெயரைக் குழந்தைக்கு இடும் வழக்கம் கப்பலேறி வந்தது. அப்பளசாமி, அப்பளநாயுடு, சிம்மாசலம் என்னும் பெயர்கள் மலேசியாவில் இன்றும் தந்தை பெயராகவும் பாட்டன் பெயராகவும் வழங்குகின்றன. அப்பெயரை உடைய பிள்ளைகளுக்குத் தெலுங்கில் தம் பெயரை எழுதத் தெரியாமல் இருக்கலாம். தமிழ்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில், தமிழ் அகர வரிசையில் எழுதினாலும் உரோமன் எழுத்து வரிசையில் எழுதினாலும், அப்பளசாமி பெரும்பாலும் முதல் வரியிலேயே நிற்கிறார்.